மீன்காரி எழுதாத செய்தி

யாபமா கிந்தோவை அந்தச் சுகாதார நிலையத்தில் எல்லோரும் மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். கர்ப்பிணிகளுக்கு அவள் அக்கா. அவர்களுடைய மாமியார்களுக்கு மருத்துவச்சியம்மா. டாக்டர்கூட நீங்கள் போட்டுத்தான் பேசுவார். மருந்துச் சன்னலில் உட்காரும் நியாமோய் கரபெந்தா ஒருத்திதான் அவளை வெங்காயம் என்பாள்.

காலையில் வாசலில் செருப்பு மாற்றும்போதே ஆரம்பித்துவிடும். "வெங்காயம் வந்துருச்சு, எல்லாரும் கண்ணைத் தொடைச்சுக்குங்க" என்று வரிசையில் நிற்கும் பெண்கள் காதில் விழும்படி நியாமோய் சொல்வாள். யாபமா மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலைக் கடப்பாள். "குளிச்சுட்டு வரச் சொன்னேனே மீன்காரி. மருந்தெல்லாம் கவிச்சி அடிக்குது, பிள்ளைங்க வாயில வைக்க மாட்டேங்குது." மலையில் தண்ணீரையே பார்க்காதவளுக்குக் குளியலைப் பற்றி என்ன தெரியும் என்று பதில் வரும். வரிசை சிரிக்கும்.

நியாமோய் போசோ, ஆற்றில் மீன் பிடிக்கிறவர்கள் வழி. யாபமா டோகோன், வெங்காயம் விளைகிற மலைச்சரிவிலிருந்து வந்தவர்கள் வழி. இரண்டு கூட்டத்துக்கும் இடையில் கேலிமுறை உண்டு. எவ்வளவு வேண்டுமானாலும் வையலாம், வாங்கியவர் கோபப்படக் கூடாது. ஒருவர் கேட்டதை மற்றவர் இல்லை என்று சொல்லவும் கூடாது. இரண்டு பேருமே இந்தத் தலைநகர் பமாக்கோவில் பிறந்தவர்கள்தான். யாபமா மலையில் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. நியாமோய்க்கு நீச்சல் தெரியாது. அதனால் என்ன, முறை முறைதான்.

யாபமாவின் கணவன் தூரத்தில் தங்கச் சுரங்க ஊரில் இருந்தான். பண்டிகைக்கு வருவான், போவான். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். மரியாதையான பேச்சு மட்டுமே நாள் முழுக்கக் காதில் விழும்போது தான் ஒரு நாற்காலியாகிவிட்டதுபோல அவளுக்கு இருக்கும், எல்லோரும் பார்த்து ஒதுங்கி நடக்கிற நாற்காலி. வெங்காயம் என்ற ஒரு வார்த்தை அவளைத் திரும்ப ஆளாக்கிவிடும். இதை அவள் நியாமோயிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு கேலி கிடைத்திருக்கும்.

அவளுடைய போனில் பகலெல்லாம் குரல்கள் வந்துகொண்டிருக்கும். அந்தப் பேட்டைப் பெண்களில் பலருக்கு எழுத வராது, பேசி அனுப்புவார்கள். ரத்தப்போக்கு நிற்கவில்லை, பால் கட்டிக்கொண்டது, அவர் ஊரிலிருந்து வந்தபின் எரிச்சல் இருக்கிறது. நிலையத்தில் நாலு பேர் நடுவில் சொல்ல முடியாததையெல்லாம் அந்தச் சின்னப் பெட்டியில் சொன்னார்கள். யாபமா போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்பாள். ஒலிபெருக்கியில் போட்டதே இல்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது.

அப்படிப் பேசுகிறவர்களில் ஒருத்தி வாசா தும்பியா. கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், நிலையத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அடுத்த பிள்ளை இப்போதைக்கு வேண்டாம், வந்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று டாக்டர் கணவனிடமே சொன்னார். கணவன் தலையாட்டினான். வீட்டுக்குப் போனதும் அவனுடைய அம்மா, டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள் என்றாள். வாசா கைக்குழந்தையை எடை போடும் சாக்கில் மாதாமாதம் வந்து மாத்திரை அட்டை வாங்கிக்கொண்டு போனாள். தானிய மூட்டைக்குள் ஒளித்து வைத்தாள். சந்தேகம் வந்தால் தானியம் குத்துகிற இடத்துக்குப் போய் நின்று கிசுகிசுத்து அனுப்புவாள். உலக்கைச் சத்தத்துக்கு நடுவே யாபமாவின் மகள் சுகமா, கணவர் சுகமா, உடம்பு சுகமா என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவாள்.

மழைக்காலம் தொடங்கியபோது நியாமோய் செகூவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குக் கல்யாணத்துக்குப் போனாள். மருந்துச் சன்னலில் ஓர் அடக்கமான பெண் உட்கார்ந்து தினமும் வணக்கம் சொன்னாள். அந்த வாரம் யாபமாவுக்கு உப்பில்லாமல் கழிந்தது. ஒரு மதியம், நீண்ட பிரசவம் ஒன்று முடிந்து, மாமரத்தடியில் உட்கார்ந்து சோற்றுக் கிண்ணத்தைத் திறந்தபோது போன் ஒலித்தது. நியாமோய் எழுதியிருந்தாள்.

'ஏ வெங்காயம், இன்னும் அழுகாம இருக்கியா? அண்ணன் மக தலைப்பின்னல் போட்டியில நிக்குறா. உன் ஓட்டு வேணும். உன் போன்ல ஒரு கட்டம் வரும், நான் அனுப்புற எட்டு எழுத்தை அதுல போடு, ஓட்டு விழுந்துரும். போடலேன்னா உங்க மூட்டையெல்லாம் ஆத்துல போகும். சொன்னதைச் செய், அதுக்குத்தானே உங்க கூட்டத்தை மலையில வளர்த்து வச்சிருக்கோம்.'

யாபமா சிரித்துவிட்டாள். அந்த வாரத்தின் முதல் சிரிப்பு. கையில் ஒட்டியிருந்த குழம்பைத் துடைத்துக்கொண்டு எட்டு எழுத்தையும் போட்டாள். வேறொரு கருவியை இணைக்கவா என்று போன் ஏதோ கேட்டது. சரி என்று தொட்டாள். 'போட்டாச்சு, உன் மருமக தலையிலயாவது மீன் வாடை அடிக்காம இருக்கட்டும்' என்று பதில் எழுதினாள். அந்தப் பக்கமிருந்து வாய்விட்டுச் சிரிக்கும் முகம் ஒன்று வந்தது.

அவளுக்குத் தெரியாததில்லை. முந்தின வருஷம் மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பணியாளர்களை உட்காரவைத்து, யார் எண் அனுப்பினாலும் போடாதீர்கள், உங்களுக்கு வந்த எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள், தெரிந்தவர் கேட்டால் கூப்பிட்டு அவர் குரலைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று விளக்கினார். அதை யாபமாவே எடை பார்க்கும் நாளில் பெண்களுக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அதையெல்லாம் அவள் மரியாதையாகப் பேசுகிறவர்களுக்கான விதியாகத்தான் மனதில் வைத்திருந்தாள். திருடன் என்றால் ஐயா, அம்மா, வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று வருவான். வெங்காயம் என்று வருவான் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

நியாமோய் திரும்பி வந்த அன்று சன்னலில் கூட்டம். யாபமாவைக் கண்டதும் உரக்கச் சொன்னாள். "என் போன்ல எவனோ புகுந்து என் பேர்ல ஊரெல்லாம் பேசியிருக்கான். அண்ணன் மகன்தான் பார்த்துப் பிடுங்கி எறிஞ்சான். உனக்கு ஏதாச்சும் எழுதியிருந்தா அது நான் இல்லை, சொல்லிட்டேன். உன் மண்டையில என்ன இருக்குன்னு திருட வந்திருப்பான் பாவம், வெறும் தோலா உரிச்சுட்டுப் போயிருப்பான்."

"ஓ, நல்லபடியா பேசினது அவன்தானா? அவனையே வச்சுக்கிறோம், நீ போ" என்றாள் யாபமா.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் எட்டு எழுத்து ஞாபகம் அவளுக்கு வந்தது, காதருகில் கொசு வந்ததுபோல. கேட்கலாமா என்று நினைத்தாள். இத்தனை பேர் முன்னால் தன் முகத்தை மாற்றிக்கொண்டு, நிஜமாகவா என்று கேட்க வேண்டும். கேலிக்கு நடுவில் முகத்தை மாற்றுகிறவள்தான் தோற்றவள். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு பிரசவ வலிச் சத்தம் கூப்பிட்டது. போய்விட்டாள்.

அடுத்த எடை நாளுக்கு வாசா வரவில்லை. யாபமா ஒரு குரல் செய்தி அனுப்பினாள், குழந்தைக்குத் தடுப்பூசி இருக்கிறது என்று மட்டும். கேட்டுவிட்டாள் என்று அடையாளம் காட்டியது, பதில் வரவில்லை. மறு மாதமும் வரவில்லை. சந்தையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவளை ஒருநாள் யாபமா பார்த்தாள். வாசா பொறுக்கியதையெல்லாம் திரும்பக் கொட்டிவிட்டு, துணிக்கடைகளுக்கு நடுவே புகுந்து மறைந்துவிட்டாள். மாமியார் கண்டுபிடித்திருப்பாள் என்று யாபமா நினைத்தாள். தன்னைப் பற்றி அவளுக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை.

ஒரு பிற்பகலில் சேற்றில் நடந்து வாசாவின் வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் மாமியார் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். குசலம் எல்லாம் விசாரித்து முடித்து, தடுப்பூசி அட்டையைப் பார்க்க வேண்டும் என்றாள் யாபமா. அட்டையை எடுக்கிற சாக்கில் வாசா அவளைச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போனாள். முகத்தில் கோபம் இல்லை. பொறுமையாக இருக்க முயல்கிறவளின் முகம் அது.

"ஆட்டை வித்துக் கொடுத்தாச்சே அக்கா. இன்னும் எதுக்கு வந்தீங்க?"

யாபமாவுக்குப் புரியவில்லை. என்ன ஆடு என்றாள்.

"உங்களுக்கு என்ன கஷ்டமோ, நான் கேட்கல. நேர்ல கேட்டிருந்தா கொடுத்திருப்பேன். என் பேச்சையே எனக்கு அனுப்பிப் பயமுறுத்தியிருக்க வேண்டாம்."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. தெரியாத ஓர் எண்ணிலிருந்து வாசாவுக்கு அவளுடைய குரலே வந்திருக்கிறது. உலக்கைச் சத்தம், குசலம், மாத்திரை, மூட்டை, அவருக்குத் தெரியக் கூடாது என்றது, எல்லாம். கீழே, பிரசவத்தின்போது யாபமாவிடம் கொடுத்திருந்த கணவனுடைய எண். கேட்டதைக் கொடுக்காவிட்டால் இது அவனுக்குப் போகும் என்று ஓர் ஆண்குரல். வாசா பண்டிகைக்காக வளர்த்த ஆட்டை, ஓடிப்போய்விட்டது என்று வீட்டில் சொல்லிவிட்டு, விற்று அனுப்பியிருக்கிறாள். அந்தப் பேச்சை அவள் ஒரே ஒரு காதுக்குத்தான் சொல்லியிருந்தாள். அந்த ஆண் அக்காவின் ஆள் என்று முடிவு செய்வதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

"நான் இல்லை வாசா" என்றாள் யாபமா. சொல்லும்போதே அது எவ்வளவு எளிதில் சொல்லிவிடக்கூடிய வாக்கியம் என்று அவளுக்குத் தெரிந்தது. மாமியார் தலையைத் திருப்பினாள். வாசா தடுப்பூசி அட்டையை அவள் கையில் வைத்து, எல்லாம் சரியா இருக்கா அக்கா என்று உரக்கக் கேட்டாள்.

நிலையத்துக்குத் திரும்பியபோது நியாமோய் கணக்கை முடித்துச் சன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாள். யாபமா போனை எடுத்து அந்தச் செய்தியைக் காட்டினாள். நியாமோய் படித்தாள். முதலில் வழக்கம்போல உதடு கேலிக்குத் தயாரானது, பிறகு அடங்கியது.

"இது நான் எழுதல."

"தெரியும்."

"ஆனா நான் எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்" என்றாள் நியாமோய் மெதுவாக. "போட்டியா?"

யாபமா தலையசைத்தாள். நியாமோய் போனை வாங்கி உள்ளே எங்கெங்கோ போய்ப் பார்த்தாள். இணைந்திருக்கும் கருவிகள் என்ற இடத்தில் யாபமா பார்த்தே இராத ஒரு கணினியின் பெயர் இருந்தது. அன்று காலையில்கூட அது விழித்திருந்திருக்கிறது. நியாமோய் அதை வெளியேற்றினாள். ஓர் அசைவுதான், ஈயை விரட்டுவதுபோல. இத்தனை நாளும் அவள் போனைக் காதோடு ஒட்டி வைத்துக் கேட்ட ஒவ்வொரு பெண்ணின் குரலையும் அந்தப் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து கேட்டிருக்கிறான்.

"அன்னிக்கே சொன்னேனேடி" என்றாள் நியாமோய்.

"சிரிச்சுக்கிட்டே சொன்ன."

"நான் உன்கிட்ட எதைச் சிரிக்காம சொல்லியிருக்கேன்? என் புருஷன் செத்ததையே சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னேன்."

அது உண்மைதான். அன்று யாபமா அவள் சிரிப்புக்குப் பின்னால் இருந்ததை எடுத்துக்கொண்டாள். இந்தமுறை எடுக்கவில்லை. ஏன் என்று பிறகு பலமுறை தனக்குள் தேடிப் பார்த்தாள். கேட்டதை மறுக்கக் கூடாது என்ற முறைதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஊரில் யாரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அவள் எட்டு எழுத்தையும் போட்டது முறைக்காக இல்லை. தன்னை ஒருத்தி நினைத்து வைதிருக்கிறாள் என்ற சந்தோஷத்தில் போட்டாள். அந்த வசவு தனக்கும் நியாமோய்க்கும் மட்டுமே உரிய பேச்சு, அதை வேறொருவர் பேச முடியாது என்று நம்பியிருந்தாள். இந்த நாட்டில் எந்தப் பேருந்தில் ஏறினாலும் ஒரு போசோ ஒரு டோகோனை அதே வெங்காயத்தைச் சொல்லி வைதுகொண்டிருப்பான். திருடனுக்கு அவர்களுடைய பழைய செய்திகளைப் படிக்கவேண்டிய அவசியம்கூட இருந்திருக்காது. யாபமாவின் டோகோன் பெயரைப் பார்த்தாலே போதும்.

நியாமோய் தானே வாசாவிடம் போவதாகச் சொன்னாள். ஒருவர் தப்பு செய்துவிட்டால் அவருக்காகக் கேலிமுறைக்காரர் போய்க் கெஞ்சுவது வழக்கம். "நான் போய் அந்த வாசல்ல உருண்டு புரண்டு, இந்த வெங்காயத்துக்கு மூளை கிடையாது, மன்னிச்சுருன்னு கேக்குறேன். அவ சிரிச்சுட்டான்னா முடிஞ்சுது."

"வேண்டாம்" என்றாள் யாபமா. "அவ சிரிக்கக் கூடாது."

அடுத்த எடை நாளில் யாபமா பெண்கள் முன்னால் நின்று சொன்னாள். என் போனை ஒருவன் திறந்து கேட்டிருக்கிறான், நீங்கள் சொன்னது அவனுக்குத் தெரியும், யாராவது மிரட்டினால் ஒன்றும் கொடுக்காதீர்கள், என்னிடம் வாருங்கள், நான் உங்களோடு காவல் நிலையத்துக்கு வருகிறேன். உங்கள் போனையும் காட்டுங்கள், தெரியாத கருவி இணைந்திருக்கிறதா பார்க்கிறேன், ஒரு ரகசிய எண் வைத்துத் தருகிறேன் என்றாள். சிலர் போனை நீட்டினார்கள். சிலர் துணிக்குள் இன்னும் ஆழமாகச் செருகிக்கொண்டார்கள். ஒருத்தி எழுந்து, குழந்தையை எடை போடாமலே போனாள். அன்றிலிருந்து குரல்கள் குறைந்துபோயின. வந்தவையும் சுருக்கமாக இருந்தன. அக்கா இருக்கீங்களா, நேரில் வரேன்.

வாசாவிடம் அவள் மறுபடி போனாள். இந்தமுறை மாமியார் ஒரு பெயர் சூட்டும் விழாவுக்குப் போயிருந்தாள். யாபமா எதையும் மறைக்காமல் வரிசையாகச் சொன்னாள், சோற்றுக் கிண்ணத்திலிருந்து சன்னல் சிரிப்பு வரைக்கும். வாசா குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"நம்புறேன் அக்கா" என்றாள். கொஞ்சநேரம் தட்டினாள். "ஆனா அந்தச் செய்தி வந்த அன்னிக்கே மாத்திரையெல்லாம் கக்கூஸ்ல போட்டுட்டேன். வீட்டைச் சோதனை போடுவாங்களோன்னு. உங்ககிட்ட வந்து திரும்ப வாங்கவும் பயம்."

யாபமா அவளுடைய கையைப் பார்த்தாள், பிறகு முகத்தை. பல வருஷத் தொழில், கேட்காமலே தெரிந்தது. ஆனாலும் கேட்டாள்.

"தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சு?"

"போன மாசமும் இல்லை."

மழை நின்று, தூசிக்காற்று தொடங்கிய மாதத்தில் வாசா நிலையத்துக்கு வந்தாள். மாமியார் கூடவே வந்தாள், முகமெல்லாம் சந்தோஷம். பிள்ளை வரட்டும், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று வரிசையில் எல்லோரிடமும் சொன்னாள். யாபமா டாக்டரிடம் பேசி, இந்தப் பிரசவம் பெரிய ஆஸ்பத்திரியில்தான் என்று முன்னதாகவே எழுதி வாங்கி வைத்திருந்தாள். அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அது போதும் என்று டாக்டர் சொன்னார். போதுமா என்பது அந்த நாளன்றுதான் தெரியும்.

உள்ளே வாசா படுத்து, துணியை விலக்கினாள். யாபமா மரக்குழலை அவள் வயிற்றில் வைத்துக் குனிந்து காதைப் பொருத்தினாள். முதலில் தாயின் நாடி, பிறகு அதற்கு அப்பால், அவசரமாக, அந்தச் சின்ன ஓட்டம். பிள்ளை நன்றாக இருந்தது.

"கேக்குது" என்றாள்.

"ம்" என்றாள் வாசா.

ஏதாவது வலி, மயக்கம், கால் வீக்கம் உண்டா என்று யாபமா கேட்டாள். ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று பதில் வந்தது. போன கர்ப்பத்தின்போது இதே மேசையில் படுத்துக்கொண்டு அவள் அண்டைவீட்டுச் சண்டை வரைக்கும் சொன்னவள். இப்போது பதில் சொல்லும்போதெல்லாம் அவள் கண் சன்னலோரம் போய் வந்தது. அங்கே யாபமாவின் போன் இருந்தது, அணைத்து, முகம் குப்புற. யாபமா நிமிர்ந்து அதை எடுத்துக்கொண்டு போய் வெளியே நியாமோயிடம் கொடுத்துவிட்டு வந்தாள். நியாமோய் அதை வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

திரும்பி வந்தபோது வாசா எழுந்து துணியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"இப்ப சொல்லு" என்றாள் யாபமா.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லை அக்கா" என்று வாசா மரியாதையாகச் சொன்னாள்.